இமை அரித்தால் கையைக் கேளுங்கள்

கண் இமை சிவந்து செதில் உதிர்கிறது என்று யாராவது வந்தால், நான் முதலில் கையைத்தான் பார்ப்பேன். "ரெண்டு நாளா என்னம்மா தொட்ட?" என்று கேட்பேன். மலேசியாவில் சுவா தோட்டப் பக்கம் பிறந்து வளர்ந்து, அரசாங்கக் கிளினிக்கில் மிஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்ட பிறகும் சாயங்காலமானால் வாசலில் யாராவது நிற்பார்கள். கையில் பாதி தீர்ந்த ஒரு களிம்பு டியூப் இருக்கும். "பக்கத்து வீட்டு அக்கா கொடுத்துச்சு மிஸி, போட்டா உடனே கேக்குது."

உடனே கேட்கும் என்பது உண்மைதான். எனக்குப் பயமே அதில்தான்.

உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்; சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். உள்ளங்கையை ஒன்றும் செய்யாத பொருள், அதே கையால் கண்ணைக் கசக்கும்போது இமைக்குள் இறங்கிவிடும். நகப்பூச்சு போட்ட பெண்ணுக்கு விரல் சுத்தமாக இருக்கும், இமையில் கரப்பான் வரும். தலைக்குச் சாயம் பூசியவருக்கு மண்டையைவிட இமை அதிகம் வீங்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண்ணே திறக்காது. கறுப்புச் சாயத்திலுள்ள பிபிடி என்னும் ரசாயனம் செய்கிற வேலை அது. கல்யாணங்களில் கைக்கு இடும் கறுப்பு மருதாணியிலும் அதையே கலக்கிறார்கள். மருதாணியால் ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பல ஆண்டு கழித்துத் தலைச்சாயம் பூசினாலும் வீங்கும்.

தோட்டத்தில் கை தொடுவது இவற்றை மட்டுமல்ல. பால்மரக் காலத்தில் பாலை உறைய வைக்க பார்மிக் அமிலம், உறையாமல் வைக்க அமோனியா. இரண்டின் நெடியும் கண்ணில் ஏறும். செம்பனை வந்த பிறகு உரம் போடுவதும் மருந்தடிப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலையானது. என் அம்மாவும் முதுகில் பம்ப் சுமந்து மருந்தடித்தவர். சாயங்காலம் வீடு வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைப்பார். அந்த முந்தானையிலும் மருந்துதான் இருந்தது என்று அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மருந்தடிக்கும் பெண்களின் கண், தோல், நகம் படும் பாட்டை 2002-இல் பெண்கள் உரிமை அமைப்பான தெனாகாநித்தா அறிக்கையாகவே வெளியிட்டது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு அதே ஆண்டு அரசு தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. கைக்குப் பாதுகாப்பென்று போடும் ரப்பர் கையுறையில் சேர்க்கப்படும் தையூரம் போன்ற பொருள்களும் சிலருக்கு ஆகாது.

இதையெல்லாம் கேட்காமல் கண்வலி என்று சொட்டு மருந்து விடுகிறோம். சொட்டு மருந்திலுள்ள நியோமைசினே சிலருக்கு இமையைப் புண்ணாக்கும். மாரியம்மா பார்த்திருக்கிறாள், அம்மைதான் என்று வேப்பிலை அரைத்துப் பூசுகிறோம். கோடாலித் தைலத்தைப் பொட்டில் தேய்த்த கையோடு கண்ணைத் துடைக்கிறோம். கடைசியில் அந்த டியூப். அது பெரும்பாலும் கடும் ஸ்டீராய்டு. மூன்றாம் நாளே சிவப்பு அடங்கும், விட்டால் திரும்பும், மறுபடி பூசுவார்கள். மாதக்கணக்கில் பூசினால் இமைத் தோல் இன்னும் மெலியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். அழுத்தம் ஏறுவது வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் முகவெள்ளைக் களிம்புகளிலும் பாதரசமும் ஸ்டீராய்டும் இருப்பதாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. தயவு செய்து அவற்றைக் கண் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

வந்தவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். முகத்தில் போடும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பவுடர், மை, வாசனைச் சோப்பு எதுவும் வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் வையுங்கள். ராத்திரியில் வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லத் தடவுங்கள். பிறகு டாக்டரைப் பாருங்கள். அவர் வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாளுக்குக் கொடுப்பார்; நீடித்தால் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. முதல் சில நாள் அது எரியும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். கொப்புளமோ, கடும் வலியோ, பார்வை மங்கலோ, வெளிச்சம் பட்டாலே கூச்சமோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் ஜோசப் யாடசோன் 1895-இல் அறிமுகப்படுத்தியது. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். ஆனால் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது, ஒரே வாரத்தில் மூன்று முறை போக வேண்டும். நாள் கூலிக்கு வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு அது ஒரு வாரச் சம்பளம். அவள் சோதனைக்குப் போகாததற்கு அறியாமையைக் காரணம் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியாது. அந்த வாரத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகம்.

வேலையால் வரும் தோல் நோயைத் தொழில்சார் நோயாக ஏற்று உதவ 1969-ஆம் ஆண்டின் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. அப்படிப்பட்ட நோயைக் கண்டால் மருத்துவர் தொழில் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் விதிமுறை சொல்கிறது. நோயாளி அட்டையில் வெறும் 'அலர்ஜி' என்று எழுதினால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. டாக்டர்மாரே, என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள். பதிலை அட்டையில் எழுதுங்கள்.

கிளினிக்குக்குப் போகிற அம்மாமாரே, சாயப் பெட்டி, பொட்டுக் கோந்து, பழைய டியூப், வேலைக் கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்து டின்னின் லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கூடாது என்று யாராவது தடுத்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.