நூற்றைம்பது குதிரைகளும் ஒரு பொத்தானும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது பிள்ளைகள் கார் ஓட்டுகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான். அப்பா செம்பூரிலிருந்தோ முலுண்டிலிருந்தோ லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய், நாற்பது வயதுக்கு மேல் ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். 796 சி.சி. எஞ்சின், சுமார் 37 குதிரைத்திறன். அதில் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி முனகுமே தவிர, பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது.

இன்று பையனுக்கு வேலை கிடைத்ததும் வாசலில் வந்து நிற்பது வேறு ஜாதி வண்டி. ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் இவற்றின் 1.5 லிட்டர் எஞ்சின் 150 குதிரைத்திறன் தருகிறது. மஹிந்திராவின் மின்சாரக் கார் பிஇ 6, பெரிய பேட்டரியோடு வாங்கினால், 210 கிலோவாட். அதாவது சுமார் 280 குதிரைகள். அத்தனையும் பின்சக்கரங்களுக்குப் போகிறது. மின்மோட்டாருக்கு வேகம் பிடிக்க அவகாசம் வேண்டியதில்லை. மிதித்த கணமே முழு இழுவையும் வந்துவிடும். அப்பா இருபது வருஷத்தில் பழகிக்கொண்டது, மகனுக்கு முதல் நாளே காலடியில் கிடைக்கிறது.

இந்த வண்டிகளில் ஒரு பொத்தான் உண்டு. சிலவற்றில் திரைக்குள் ஒளிந்திருக்கும். கார் படமும் அதன் பின்னால் இரண்டு வளைந்த கோடுகளும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது அதுதான். எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "அங்கிள், அதை ஆஃப் பண்ணினாத்தான் வண்டியோட நிஜமான பவர் தெரியும்." இந்த எண்ணம் அவன் ஒருவனுக்கு மட்டும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு சக்கரத்திலும் சுழலும் வேகத்தை அளக்கும் ஓர் உணர்கருவி இருக்கிறது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக வைத்த அதே கருவிதான். சிக்னலில் பச்சை விழுகிறது, மழை பெய்திருக்கிறது, சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேலோ சாக்கடை மூடியின் மேலோ நிற்கிறது, பையன் அழுத்தி மிதிக்கிறான். எஞ்சின் திருப்பும் சக்கரம் பிடிப்பை இழந்து வெறுமனே சுற்றுகிறது. மற்ற சக்கரங்கள் மெதுவாகவே உருள்கின்றன. இந்த வித்தியாசத்தைக் கணினி கண்டுபிடித்து, எஞ்சினின் விசையைக் குறைக்கிறது. சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கும் போடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டும்.

"பவரை வெட்டுகிறது" என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான். வெட்டப்படுவது தரையில் இறங்காத பவர். சக்கரம் வெறுமனே சுற்றும்போது டயர் தேய்கிறது, புகை வருகிறது. வண்டி முன்னே போவதில்லை. அதைவிட மோசம், சுற்றுகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். முன்சக்கர வண்டி ஸ்டீயரிங் திருப்பியும் திரும்பாது. பின்சக்கர வண்டிக்குப் பின்புறம் சாட்டை மாதிரி வீசும். பல வண்டிகளில் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஈ.எஸ்.சி. என்கிற, வண்டி நிலை குலையாமல் காக்கும் அமைப்பும் சேர்ந்து அணைந்துவிடும். இது தெரியாமலே அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃபார்முலா ஒன் வீரர்கள் இல்லாமல்தானே ஓட்டுகிறார்கள் என்பது அடுத்த வாதம். உண்மைதான், 2008 முதல் அங்கே அது தடை. ஓட்டுபவரின் திறமை பந்தயத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத் தடை. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்கு ஓட்டியபோது அனுமதி இருந்தது. 2011-லும் 2012-லும் எச்.ஆர்.டி. அணிக்கு ஓட்டியபோது இல்லை. இரண்டு விதமாகவும் அவர் ஓட்டினார் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை வருஷப் பயிற்சி! தவிர, பந்தயப் பாதையில் எதிரே லாரி வராது. சயான்-பன்வேல் சாலையில் வரும்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது வேறு. "எல்லா சேஃப்டியும் இருக்கிற வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்கிறோம். டிராக்‌ஷன் கன்ட்ரோல் பிடிப்பை உண்டாக்குவதில்லை. இருக்கிற பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறது, அதுவும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும். நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுதான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 55 மீட்டரில் நிற்கிற வண்டி, நனைந்து வழுக்கும் சாலையில் 100 மீட்டர் வரை ஓடும். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்றால் அதற்குள்ளேயே 28 மீட்டர் போய்விடும். இந்தக் கணக்கை எந்தப் பொத்தானும் மாற்றாது. ஜூன் மாத முதல் மழை இன்னும் மோசம். கோடை முழுக்கப் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து சோப்புக் குழம்பு போட்டது போல் ஆகிவிடும்.

2024 மே 19 விடியற்காலை புணே கல்யாணி நகரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷ் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அந்த ரக வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் முதல் எல்லாமே உண்டு. இறந்த இருவரும் பிழைப்புக்காக மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள்; நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. "சும்மா காம்பவுண்டுக்குள் ஓட்டட்டும்" என்று சாவியைக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயது வந்த பிள்ளைக்கு வண்டியே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும்போதே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒரு வருஷம் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. சேற்றிலோ மணலிலோ சக்கரம் புதைந்தால் மட்டும் அணைக்கலாம். அப்போது சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் வெளியே வரும். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும். மஞ்சள் விளக்கு சிமிட்டினால் "மிஷின் பார்த்துக்கொள்கிறது" என்று மிதித்துக்கொண்டே போகாமல், காலைத் தளர்த்த வேண்டும். அடிக்கடி சிமிட்டுகிறது என்றால் பிடிப்பின் எல்லைக்குப் பையன் அடிக்கடி போகிறான் என்று அர்த்தம். பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கும் அந்த விளக்கைக் காட்டிக் கொடுங்கள். ரிப்போர்ட் கார்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டமில்லை!

வாங்கும்போது சன்ரூஃபுக்குக் கொடுக்கிற காசை ஈ.எஸ்.சி. உள்ள மாடலுக்குக் கொடுங்கள். எஞ்சின் இரண்டு வகையாக வந்தால் சின்னதே போதும். அதை யாரும் கேவலமாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மே மாதம் பலர் காரிலேயே ஊருக்குக் கிளம்புவீர்கள். திருநெல்வேலிப் பக்கம் என்றால் ஒரு வழிக்கே ஏறத்தாழ 1,600 கி.மீ. "ராத்திரி நான் ஓட்டறேன்ப்பா" என்று பையன் சொல்வான். சதாராவுக்கு முன் கம்பட்கி காட், தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய், இந்த இரண்டையும் அவனிடம் விடாதீர்கள். தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது கால் ஆக்ஸிலரேட்டரிலேயே இருக்காது; டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அங்கே வேலையே இல்லை. கீழ் கியரும், முன்னே போகும் லாரிக்கு விடும் இடைவெளியும்தான் துணை. கிளம்பும் முன் டயரைப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் சட்டம் ஏற்கும். தண்ணீர் தேங்கிய சாலைக்கு அது போதாது. 3 மி.மீ.-க்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது, ஊரிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொள்ளும்.