பரணில் முடங்கும் துணிகள்

நம் இல்லங்களில் துணியை எளிதில் எறிவதில்லை. பெருநாள் சட்டை தைத்ததில் மிஞ்சிய துண்டு, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன பாவாடை, உட்காருமிடம் மட்டும் நைந்த கைலி, ஓரம் கிழிந்த சேலை என யாவற்றையும் ‘எதற்காவது உதவும்’ என்று மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றுகிறோம். அந்த ‘எதற்காவது’ வருவதற்குள் பூச்சி அரித்துவிடுகிறது.

வீண்விரயம் என்றவுடன் வாங்கிக் குவிப்பதும் தூக்கி எறிவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. பயன்படக்கூடிய பொருளை முடக்கி வைப்பதும் அதற்கு அருகிலேயே நிற்கிறது என்பது நம் கருத்து.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: ஒட்டுத்துணிப் போர்வை. ஒட்டுப் போட்ட துணியை வறுமையின் அடையாளமாகக் கருதித் தயங்குவோர் உளர். ஆட்சிப் பொறுப்பில் இருந்த உமர் (ரலி) அவர்களின் ஆடையில், தோள்களுக்கிடையே மூன்று ஒட்டுகள் இருந்ததைக் கண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. அவருக்கு இழுக்காகாத ஒட்டு நமக்கு மட்டும் எவ்வாறு இழுக்காகும்?

அண்டை மாநிலமான கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அப்பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ எனும் போர்வையைக் கையாலேயே தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கும் தையல் சுற்றிச் சுற்றி நடுவில் முடிகிறது. அழகுக்காக மூலைகளில் மடித்த சிறு துண்டுகளையும் வைக்கின்றனர். இன்று சிலர் புதுத்துணி வாங்கி, அதை வெட்டி ஒட்டுப்போர்வை செய்கின்றனர். மிச்சத்தைக் காக்கப் பிறந்த கலையை இது தலைகீழாக்குகிறது.

தொடக்கநிலையினருக்குக் கட்டங்களாகத் தைப்பது எளிது. துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டுக. பருத்தியைப் பருத்தியோடு மட்டும் சேர்ப்பது நலம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, வரிசைக்கு மூன்றாக ஒன்பது துண்டுகளை இணைத்தால் 12 அங்குலக் கட்டம் அமையும். இத்தகைய 12 கட்டங்கள், அதாவது 108 துண்டுகள், ஒரு குழந்தைக்குப் போர்வையாகும். நடுவில் பழைய சேலையையும் அடியில் கைலியையும் வைத்து இழையோட்டினால் போதும்.

இரண்டு எல்லைகளை நாம் மறக்கலாகாது. உடுத்தத் தகுந்த ஆடையை வெட்டாமல், உடுத்துவோருக்கே கொடுப்பது முதற்கடமை. அடுத்து, மறைந்த உம்மாவின் சேலைகளை நினைவுக்காகப் போர்வையாக்க விரும்புவோர், அவையும் அவர் விட்டுச்சென்ற சொத்தில் அடங்கும் என்பதை உணர்ந்து, வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் பெற்ற பின்னரே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பாசம் பிறர் உரிமையை நீக்கிவிடாது.

‘கடையில் மலிவாகப் போர்வை கிடைக்கையில் இவ்வளவு உழைப்பு எதற்கு?’ என்று கேட்கலாம். கடைப்போர்வை குளிரை மட்டுமே போக்கும். இதைத் தைக்கும் வீட்டில் பிள்ளைகள் ஊசி பிடிக்கக் கற்கின்றனர். இருப்பதைக் கொண்டு நிறைவடையவும் பழகுகின்றனர். முதற்போர்வையை நம் வீட்டுக்கென வைத்துக்கொள்வோம். இரண்டாவதை, குளிரில் படுத்துறங்கும் ஒருவருக்குக் கொடுப்போம். அதற்கான துணி பரணிலேயே இருக்கிறது.