காலந் தவறிய அன்னதானம்

பிறந்த நாளையும், பெற்றோரின் திதியையும், கலியாண நாளையும் முதியோர் இல்லங்களில் அன்னமிட்டுக் கொண்டாடும் வழக்கம் தமிழ்நாட்டில் சில காலமாய்ப் பரவி வருகின்றது. பசித்தவர்க்குச் சோறிடுதல் நமது முன்னோர் போற்றிய தர்மம். அதை விருந்து மண்டபத்தினின்றும் ஆதரவற்றோர் கூடத்துக்குக் கொண்டு சென்ற இத்தலைமுறையினரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் இந்தத் தர்மமே சிலருடைய பிராணனுக்கு அபாயமாய் முடியக்கூடும் என்பதை உபகாரிகளிற் பலர் அறியார். இல்லங்களை நடத்துவோரிலும் சிலர் அறியார். அதனைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இத்தகைய இல்லமொன்றில் சாதாரணமாய் நடக்கக்கூடிய காரியத்தை நேயர்கள் மனத்தில் வரைந்து பார்க்கட்டும். மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரை மணிக்கு என்பது அங்கே நியமம். சர்க்கரை வியாதியுள்ள முதியவர்களுக்குக் காலையிலேயே மாத்திரை கொடுத்தாகிவிட்டது. சிலருக்கு இன்ஸுலின் ஊசியும் போட்டாகிவிட்டது. அன்றையச் சாப்பாடு ஓர் உபகாரியின் உபயம். அவர் குடும்பத்துடன் வந்து சேரத் தாமதமாகிறது. வந்த பின்பு பிரார்த்தனை, நாலு வார்த்தைப் பேச்சு, போட்டோ. இலையில் சோறு விழும்போது மணி இரண்டு. பாயஸம் முதலில் வருகிறது. “உங்களுக்குச் சர்க்கரை, வேண்டாம்” என்று பணியாள் சில இலைகளைத் தாண்டிப் போகிறான். அந்த இலைகளுள் ஒன்றின் முன்பு உட்கார்ந்திருக்கும் கிழவருக்கோ கை நடுங்குகிறது, வார்த்தை குழறுகிறது, பக்கத்திலிருப்பவரை யாரென்று தெரியாமல் விழிக்கிறார். “வயசாகிவிட்டது, பாவம்” என்கிறார்கள். வயசு அன்று காரணம். அவருடைய இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது. அவருக்கு அந்தக் கணத்தில் வேண்டியிருந்தது, தாண்டிக் கொண்டு போனார்களே, அந்தச் சர்க்கரையேதான்.

இதன் சூக்ஷ்மம் கடினமானதன்று. நீரிழிவுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்ஸுலினைச் சுரக்கச் செய்யும். காலையில் போடும் கலப்பு இன்ஸுலினில் ஒரு பகுதி உடனே வேலை செய்யும். மற்றப் பகுதி சில மணி நேரங் கழித்து, நடுப்பகலை ஒட்டி வேகங் கொள்ளும். அவ்வேளையில் வயிற்றில் அன்னம் விழாவிட்டால் இரத்தத்திலுள்ள சர்க்கரை இறங்கிக் கொண்டே போகும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்தின் வாசல் திறந்ததாகக் கொள்ள வேண்டும். வாலிபருக்கு வியர்வையும் படபடப்பும் முன்னெச்சரிக்கை செய்யும். வயோதிகருக்கு அந்த எச்சரிக்கை மழுங்கிவிடுகிறது. மூத்திரக் காய்கள் தளர்ந்திருப்பவர்களுக்கு மருந்தின் வேகமும் உடலில் நெடுநேரம் தங்குகிறது. தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், நினைவு தப்புவதும், இரவில் தூங்கியவர் விழிக்காமலே போவதும் இதனால் நேரக்கூடியவை.

இது சிலருக்கே உரிய விஷயமென்று ஒதுக்குவதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ம் வருஷம் வெளியான ஆய்வின்படி, நமது தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கின்றது. தமிழ்நாட்டிலோ வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மேல். 2011-ம் வருஷத்து ஜனக்கணிதப்படியே இங்குப் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். வயது ஏறஏற இவ்வியாதியும் மிகுவதால், முதியோர் இல்லத்தின் பந்தியில் நீரிழிவுள்ளவர் விதிவிலக்கல்லர். எந்தப் பந்தியிலும் எதிர்பார்க்க வேண்டியவர்.

அவரை இல்லங்கள் நடத்தும் விதம் இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் போலவே அவருக்கும் மலை போல் வெள்ளைச் சோற்றைக் குவித்துவிட்டு மாத்திரையின் மேல் பாரத்தைப் போடுவது. மற்றொன்று, “சர்க்கரைக்காரர்” என்று முத்திரையிட்டு, அதுவும் கூடாது, இதுவும் கூடாது என்று தட்டைக் காலியாக்குவது. முன்னது அசிரத்தை, பின்னது சிரத்தையின் வேஷம் பூண்ட அறியாமை. இரண்டும் கண்டிக்கத் தக்கவையே.

நீரிழிவுக்குப் பத்தியம் என்றால் பட்டினி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1921-ம் வருஷம் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்ஸுலினைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு, பட்டினியைத் தவிர வைத்தியர் கையில் வேறு வலுவான ஆயுதமில்லை. பிரெடரிக் ஆலன் என்ற அமெரிக்க வைத்தியர் நோயாளிகளை எலும்புந் தோலுமாக்கியே அவர்கள் ஆயுளைச் சிறிது நீட்டி வந்தார். அந்தக் காலம் போய் நூறு வருஷங்களுக்கு மேலாகின்றது. ஆயினும் அதன் நிழல் நமது சமையற் கூடங்களை விட்டு இன்னும் அகலவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தார் 2016-ம் வருஷம், இல்லங்களில் வாழும் முதியவர்களைக் குறித்து வெளியிட்ட அறிக்கையில், “இனிப்பே கூடாது” என்பது போன்ற கடும் பத்தியங்கள் இவர்களுக்குத் தக்கவையல்லவென்றும், சர்க்கரை தாழ்ந்து போவதே இவர்களுக்குப் பெரும் அபாயமென்றும் தெளிவாய்க் கூறியிருக்கின்றனர். உடல் தளர்ந்தவரின் இரத்தச் சர்க்கரையை வாலிபரின் அளவுக்கு இறக்க முயல்வது நன்மையைவிடத் தீமையையே விளைக்கும் என்பது இன்று வைத்திய உலகம் ஒப்புக் கொண்ட உண்மை.

அப்படியானால் வேண்டியதைத் தின்னலாமா என்று கேட்பவர்க்கு நமது விடை இது: வேண்டியது விலக்கு அன்று, விகிதம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்போ, முட்டையோ, மீனோ. மற்றக் கால் பங்கே சோறு. பல்லில்லாதவருக்குச் சுண்டலை வைத்து ஏமாற்றாமல், குழைய வெந்த பருப்பும் கீரை மசியலும் கொடுக்க வேண்டும். சோற்றை நிறுத்திவிட்டு நாலைந்து சப்பாத்தி கொடுப்பதிலும், கேழ்வரகை நைய அரைத்துக் கஞ்சியாக்கிக் குடம் குடமாய்க் குடிப்பதிலும் பயனில்லை. எத்தானியத்திலும் மாச்சத்து மாச்சத்தே. வெல்லமும் தேனும் சர்க்கரைக்கு உடன்பிறப்புகள் என்பதையும் மறத்தல் கூடாது. இந்தச் சாப்பாட்டில் நீரிழிவில்லாதவருக்கு ஒவ்வாதது ஏதேனும் உண்டா? இல்லை. ஆகையால் தனிப் பந்தியும் தனி முத்திரையும் அநாவசியம். ஒரே சமையல், ஒரே பந்தி. பரிமாறும் அளவில் மட்டும் வித்தியாசம். பண்டிகை நாளில் ஒரு கரண்டிப் பாயஸத்தை, அதற்கேற்பச் சோற்றைக் குறைத்து, வைத்தியர் சம்மதத்துடன் அவருக்கும் கொடுப்பதே மனிதத் தன்மை.

இங்கே முக்கியமான ஒரு விஷயத்தை நேயர்கள் சிந்திக்க வேண்டும். தன் வீட்டிலிருப்பவன் தனக்குத் தலை சுற்றினால் அடுக்களைக்குப் போய் ஒரு கரண்டி சர்க்கரையை வாயிலிட்டுக் கொள்கிறான். பசித்தால் ஒரு டம்ளர் மோராவது குடிக்கிறான். இல்லத்திலுள்ள முதியவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மாத்திரை ஒருவர் கையில். சமையல் மற்றொருவர் கையில். சாப்பாட்டு மணி மூன்றாமவர் கையில். மூவரும் தங்களுக்குள் பேசிக் கொள்வதில்லை. இரவுச் சாப்பாட்டை ஆறரை மணிக்கே முடித்து விளக்கை அணைத்தால், மறுநாள் எட்டு மணிக்கு இட்லி வரும் வரையில் பதின்மூன்றரை மணி நேரம் அவர் வெறும் வயிற்றோடு கிடக்க வேண்டும். ஒருவனுடைய அடுக்களைச் சாவியை வாங்கிக் கொண்டவர்கள், அவனுடைய பசிக்கும் ஜவாப்தாரிகளாகிறார்கள். இந்த ஜவாப்தாரித்தனத்தைத் தர்மமென்று சொல்லித் தப்ப முடியாது, இது கடமை.

சட்டமும் இதையே சொல்கின்றது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ம் வருஷம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் ஆகிய இவையெல்லாம் அடங்கியதே பராமரிப்பு என்று அது விளக்குகின்றது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், அதில் ஆதரவற்ற மூத்தோர் 150 பேருக்கேனும் இடம் என்ற குறிக்கோளையும், இல்லங்களில் வைத்திய உதவிக்கு வேண்டிய தரத்தை மாநில அரசாங்கம் வகுக்கலாமென்ற அதிகாரத்தையும் அதன் 19-ம் பிரிவு கூறுகின்றது. நீரிழிவுள்ளவருக்கு உணவு வைத்தியத்தில் பாதி. ஆகவே தரம் என்பது கட்டிலையும் கழிப்பறையையும் எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. தட்டையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் நீரிழிவு மாத்திரையை ஏழையின் வாசலுக்கே கொண்டு சென்றது. நல்ல காரியம். மாத்திரை வாசலுக்கு வந்த பின்பு, அதற்குரிய அன்னம் வேளைக்கு வர வேண்டாமா?

இதற்கு வேண்டிய ஏற்பாடுகள் அரிதானவையல்ல. மருந்து கொடுப்பவரும் சமைப்பவரும் ஒரே அட்டவணையைப் பார்த்து நடக்க வேண்டும். சாப்பாடு தாமதமாகுமென்று தெரிந்தால், ஊசி போட்டவருக்கு உடனே ஏதேனும் ஆகாரம் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் சரியாய்ச் சாப்பிடாவிட்டால் அந்தச் செய்தி அன்றே வைத்தியருக்கு எட்ட வேண்டும். படுக்கப் போகுமுன் யாருக்குச் சிறிது பால் அல்லது ஆகாரம் வேண்டுமென்பதை வைத்தியரிடம் கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும். சர்க்கரையை அளக்கும் கருவி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதியவர் திடீரென்று தடுமாறினால் முதலில் சர்க்கரையை அளக்க வேண்டும். குறைந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவற்றை எழுதிச் சமையற்கட்டில் தொங்கவிட ஒரு தாள் போதும்.

“தர்மத்தில் நடக்கும் இல்லம், இருக்கும் பணியாட்களோ நாலு பேர், இலவசமாய் உண்பவர்க்கு இத்தனை நியமமா?” என்று சில நிர்வாகிகள் கேட்கக் கூடும். அவர்களுடைய சிரமத்தை நாம் அறிவோம். அரிசி மலிவு, காய்கறி கிராக்கி என்பதையும் அறிவோம். ஆனால் நாம் முதலாவதாகக் கேட்பது பணமன்று, நேரம். வேளை தவறாமல் பரிமாறுவதற்குக் காலணாச் செலவில்லை.

உபகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் குழந்தையின் பிறந்த நாளில் நீங்கள் வந்து சேர நேரமாகுமானால், பந்தி உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள். முதியவர்கள் உண்ட பின்பு போட்டோ எடுத்தாலும் புண்ணியம் குறைந்துவிடாது. லட்டுக்குப் பதிலாகப் பருப்பும் காய்கறியும், சர்க்கரை அளக்கும் சீட்டுகளும் வாங்கிக் கொடுத்தால் அதுவும் அன்னதானமே.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் நமது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலுள்ள இல்லத்துக்கு முன்னறிவிப்பின்றி ஒரு நாள் மத்தியானம் போங்கள். மாலையும் பேச்சும் வேண்டாம். ஊசி போட்டது எத்தனை மணிக்கு, இலை போட்டது எத்தனை மணிக்கு என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையேயுள்ள நேரத்தைக் குறித்துக் கொண்டு நிர்வாகிகளிடமும், வேண்டுமானால் அதிகாரிகளிடமும் பேசுங்கள். இந்தத் தேசத்தை உழைத்து வளர்த்தவர்கள் இன்று பிறர் கையை எதிர்பார்த்து இலையின் முன்பு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அன்னமிடுவோர் அதைக் காலத்தில் இடுவார்களென்றும், இடும்படி செய்ய அரசாங்கத்தாரும் பொதுஜனங்களும் முன்வருவார்களென்றும் நம்புகிறோம்.