பின்பால் பொறி: சூதோ, திறனோ?

இல்லத்து விளையாட்டறைக்குப் பின்பால் பொறி வாங்க விழைவோர் பலர் அதன் வண்ண ஓவியத்திலும் விளக்கொளியிலும் மயங்கி விலை பேசுகின்றனர். அது தவறென்பது எம் கருத்து.

நியூயார்க் நகரம் 1942-ல் இவ்வாட்டத்தைச் சூதெனத் தடுத்தது. 1947-ல் காட்லீப் நிறுவனத்தாரின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ பொறியில், வீழும் பந்தைத் திருப்பியடிக்கும் துடுப்புகள் அமைந்தன. ஆட்டம் ஆடுவோன் கைவயப்பட்டது. 1976-ல் ராஜர் ஷார்ப் என்பார் நகர மன்றத்தார் முன் ஆடிக்காட்டித் திறனை மெய்ப்பிக்கவே, தடை நீங்கிற்று.

ஆதலின், அன்பர்காள், வாங்குமுன் பலமுறை ஆடிப்பாருங்கள். பந்து தவறியபோது, “ஊழன்று, பிழை எனதே” என உணர்த்தி, மீண்டும் ஆட அழைக்கும் பொறியே சிறந்தது. தற்காலப் பொறியாயின் ஏறத்தாழ 6.5 பாகைச் சாய்வில் நிறுத்தி, தளத்தைத் தூய்மையாய்க் காத்திடுக. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இன்பத்தினும் மேலான விளையாட்டின்பம் யாதுளது?