மெருகுக்குள் ஒரு விரிசல்

நம் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. பச்சை மண்ணில் விழுந்த விரிசலை மேற்பூச்சு மறைத்துவிடும், சூளை மறைக்காது. நிறுவனக் கணக்குகளுக்கும் இது பொருந்தும் என்பதை நாம் 2009 ஜனவரி 7 அன்று கண்டோம்.

அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, தம் கணக்கில் இருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் வெறும் எழுத்தே என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் காலாண்டில் 61 கோடியாக இருந்த செயற்பாட்டு இலாபம் 649 கோடியாகக் காட்டப்பட்டிருந்தது. ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. சேமிப்பை நம்பிக்கையோடு இட்டவர்களின் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

ராஜு வைத்திருந்தவை நிறுவனரின் பங்குகள். ஊதியமாகப் பெற்றவை அல்ல. எனினும் நோயின் வேர் ஒன்றே. கணக்கை எழுதுபவரின் செல்வம், அக்கணக்கே தூக்கி நிறுத்தும் விலையில் தொங்குகிறது. 2001-இல் அமெரிக்காவின் என்ரான் வீழ்ந்தபோது, பங்கு ஊதியத்தின் முகமாகவே இந்நோய் தெரிந்தது.

நிர்வாகிக்குப் பங்கை இன்றைய விலையான 100 ரூபாய்க்குப் பின்னாளில் வாங்கும் உரிமை தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 180 ஆனால் அவருக்கு 80 ரூபாய் ஆதாயம். 40 ஆனால் அவர் உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம், நட்டமில்லை. நட்டம் முழுவதும் பங்குதாரருக்கே. ஏற்றத்தில் பங்கும் இறக்கத்தில் விலக்கும் பெற்றவர், அடுத்த காலாண்டின் விற்பனையை இக்காலாண்டில் எழுதத் துணிவதில் வியப்பென்ன?

ஆசிரியராகிய நமக்கு இது புதிதன்று. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு, விடைத்தாளையும் பரிசு பெறுபவரிடமே திருத்தக் கொடுத்தால் மதிப்பெண் உயரும்; அறிவு உயராது.

பங்கு ஊதியமே தீது என்பது நம் வாதமன்று. 1994-இல் தொடங்கிய இன்ஃபோசிஸின் திட்டம் சாதாரண ஊழியர் பலரையும் செல்வராக்கியது. அளவுகோலைப் பிடித்திருப்பவருக்கே பரிசும் போவதுதான் பிழை. 2013 நிறுவனச் சட்டம் சுயேச்சை இயக்குநர்களுக்குப் பங்கு விருப்புரிமையைத் தடுத்தது. மோசடியால் கணக்கைத் திருத்த நேர்ந்தால், மிகையாகப் பெற்ற ஊதியத்தைத் திரும்பப் பெறவும் வழி செய்தது. நல்லவையே, ஆயினும் இரண்டாவது விதி குற்றம் வெளிப்பட்ட பின்னரே விழிக்கிறது. ராஜுவுக்கு 2015-இல் விதிக்கப்பட்ட ஏழாண்டுச் சிறையும் மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆகவே, நிர்வாகி பதவி விலகிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பங்குகளை விற்கலாம் என்று விதிக்க வேண்டும் என்போம். தன் தீர்ப்புப் பிழைத்ததென்று அறிந்த கணமே பாண்டியன் அரியணையில் உயிர் நீத்தான் என்கிறது சிலம்பு. அவ்வளவு வேண்டாம். சூளை திறக்கும்வரை கூலியைப் பொறுத்திருந்து பெறட்டும், அது போதும்.