350 ரூபாய் டார்ச் எனக்கு ஏன் 7,950 ரூபாய் ஆச்சு?



வரி, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டுன்னு பேசுற இடத்துல டார்ச் லைட்டுக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நான் ஒவ்வொரு வீடியோவிலும் உங்களுக்குச் சொல்ற பாடத்தை, ஒரு டார்ச் எனக்குத் திருப்பி நடத்துச்சு. அதான் விஷயம். முன்னாடியே சொல்லிடறேன்: இது ஸ்பான்சர் பதிவு கிடையாது. எந்தக் கம்பெனியும் எனக்கு டார்ச் அனுப்பலை. வாங்குறதுக்கு லிங்க்கும் கொடுக்கப் போறதில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அப்பா அம்மா வேளச்சேரியில் தரைத்தள வீட்டுல இருந்தாங்க. நான் ஆடிட் வேலையா கோயம்புத்தூர்ல. கரண்ட் காலையிலேயே போயிடுச்சு. இருட்டின பிறகு தண்ணி வாசப்படியைத் தாண்டி உள்ளே வர ஆரம்பிச்சதும், மாடி வீட்டுக்காரங்க மேல வந்துடச் சொல்லியிருக்காங்க. அப்பா அலமாரியில இருந்த ரீசார்ஜபிள் டார்ச்சை எடுத்து அழுத்தினாரு. எரியலை. அம்மா போன்ல 11 சதவீதம் சார்ஜ். அதுல லைட்டைப் போட்டா எனக்கு போன் பண்ண முடியாதுன்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க. அப்பா இருட்டுலயே படியேறி, ஈரத்துல வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாரு.

மணிக்கட்டுல லேசான எலும்பு முறிவு. டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகலை. அதனால எங்க பாலிசியில் கிளெய்ம் கிடையாது. அப்பாவுக்கு அப்போ வயசு 68. விழுந்தது இடுப்பு எலும்பா இருந்திருந்தா கணக்கே வேற. அந்த டார்ச்சை ஆஃபர்ல பார்த்து வாங்கிக் கொடுத்தது நான்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அந்த வீட்டுக்கு நான் வாங்கின மூணாவது ரீசார்ஜபிள் டார்ச் அது. 2017-ல் 350 ரூபாய், 2019-ல் 380, 2022-ல் 420. மொத்தம் 1,150 ரூபாய். ஆறு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு சுமார் 192 ரூபாய். ஆஸ்பத்திரி செலவையும் சேர்த்தா 7,950.

அதுக்கப்புறம் நான் வாங்கினது உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு சின்ன எல்இடி டார்ச். ஒரே ஒரு ஏஏ பேட்டரி போட்டா போதும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுறோமே, அதே கட்டை. விலை 1,450. ரீசார்ஜ் பண்ணக்கூடிய ஏஏ கட்டைகளும் சார்ஜரும் 900. மொத்தம் 2,350. பத்து வருஷம் வரும்னு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 235 ரூபாய்.

கவனிச்சீங்களா? ஆஸ்பத்திரி பில்லைத் தள்ளி வெச்சுட்டுப் பார்த்தா, விலை குறைஞ்ச டார்ச்தான் ஜெயிக்குது! வருஷத்துக்கு 43 ரூபாய் மிச்சம். இதை நான் மறைக்க விரும்பலை. ஆனா டார்ச் வாங்குறதே கரண்ட் இல்லாத அந்த ஒரு ராத்திரிக்காக. அந்த ராத்திரி எரியும்ங்கற உறுதிக்கு நான் கட்டுற பிரீமியம்தான் இந்த 43 ரூபாய். டேர்ம் இன்சூரன்ஸ் பிரீமியத்தை எந்தக் கண்ணோட பார்க்குறோமோ, அதே கண்ணோட இதையும் பார்க்கணும்.

அந்த டார்ச் ஏன் எரியலை?

கழட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, வயரோட சேர்த்து பற்ற வெச்சது. இந்த வகை பேட்டரி சும்மா இருந்தாலே கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் இறங்கும். காலியான நிலையிலேயே மாசக்கணக்கா கிடந்தா உள்ளே இருக்கிற ஈயத் தகடுகள் மேல சல்ஃபேட் படிஞ்சு கெட்டிப்பட்டுடும். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழையபடி பிடிக்காது. அலமாரியில வெச்சு மறந்துடுற ஒரு பொருளுக்கு இதை விடப் பொருந்தாத பேட்டரி இல்லை. எல்இடி நல்லாத்தான் இருந்துச்சு. செத்துப்போனது பேட்டரி மட்டும். ஆனா பேட்டரியை மாத்த வழி இல்லாததால மொத்த டார்ச்சும் குப்பை.

எனவே என் முதல் விதி: பேட்டரியை நீங்களே கழட்டி மாத்த முடியணும். அது மளிகைக் கடையிலும் கிடைக்கிற அளவா இருந்தா இன்னும் நல்லது. யுஎஸ்பியில் சார்ஜ் ஆகுற லித்தியம் டார்ச்சுக்கும் இதே விதிதான். உள்ளே சீல் பண்ணின மாடல் வேண்டாம். 18650 மாதிரி தனியா கழட்டி மாத்தக்கூடிய செல் இருக்கிற மாடலைப் பாருங்க. புயல் நேரத்துல கரண்டும் இருக்காது, சார்ஜும் போட முடியாது. ஏஏ கட்டையா இருந்தா சுவர்க் கடிகாரத்துல இருந்து எடுத்தாவது போட்டுக்கலாம்.

பெட்டியில் இருக்கிற நம்பரை ஆடிட் பண்ணுங்க

கம்பெனி காட்டுற லாபத்தை அப்படியே நம்பாம கேஷ் ஃப்ளோவைப் பாருங்கன்னு சொல்வேன்ல? டார்ச்சில் லூமென் என்பது காட்டுற லாபம் மாதிரி. கேஷ் ஃப்ளோ பேட்டரியில் இருக்கு.

லூமென் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு. வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமென் கொடுக்கும். பாக்கெட் டார்ச் ஒன்றுக்கு "80,000 லூமென்" என்று ஆன்லைனில் போட்டிருந்தால், கிட்டத்தட்ட 89 பல்புகளை சட்டைப் பையில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதை நம்பலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அடுத்து ஒரு எளிய கணக்கு. ரீசார்ஜபிள் ஏஏ கட்டை 1.2 வோல்ட், சுமார் 2,000 எம்ஏஎச். பெருக்கினால் 2.4 வாட்-ஹவர். ஒரு வாட்டுக்கு 100 லூமென் கொடுத்தால் அது நல்ல டார்ச். ஆக, ஒரு கட்டைக்குள் இருப்பது சுமார் 240 லூமென்-மணி. 100 லூமெனில் எரிந்தால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 20 லூமெனில் எரிந்தால் 12 மணி நேரம். இதுதான் உங்க பேங்க் பேலன்ஸ். இதுக்கு மேல செலவு பண்ண முடியாது.

நல்ல கம்பெனியின் 18650 செல் ஒன்றில் பொதுவாக 3,500 எம்ஏஎச் வரை இருக்கும். அதே முறையில் போட்டால் சுமார் 1,260 லூமென்-மணி. ஒற்றை செல் டார்ச்சில் "1,000 லூமென், 10 மணி நேரம்" என்று எழுதியிருந்தால் 10,000 லூமென்-மணி வேணும். இருக்கிற பேலன்ஸைப் போல எட்டு மடங்கு! செல் மேலேயே "9,900 எம்ஏஎச்" என்று அச்சடித்திருந்தால் அங்கேயே நின்னுடுங்க, வாங்காதீங்க.

நேர்மையான கம்பெனிகள் சொல்ற நம்பருக்கும் ஒரு அடிக்குறிப்பு உண்டு. அமெரிக்காவில் 2009-ல் வந்த ஆன்சி எஃப்எல்1 என்ற தரநிலைப்படிதான் பெரும்பாலான நல்ல டார்ச்சுகளை அளக்கிறார்கள். அதில் "இத்தனை மணி நேரம் எரியும்" என்றால், ஆரம்ப வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரைக்குமான நேரம். முழு வெளிச்சத்தோட அவ்வளவு நேரம் எரியும்னு எடுத்துக்காதீங்க. அதேபோல "100 மீட்டர் தூரம்" என்றால், அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் ஓடுற பொடி எழுத்து மாதிரி இது. பொய் கிடையாது, ஆனா படிச்சாதான் புரியும்.

தண்ணீருக்கு: ஐபிஎக்ஸ்4 என்றால் மழைத் தூறல், தெறிப்பு தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வெள்ளம் வர்ற ஏரியாவில் இருக்கிறவங்க இரண்டாவதைப் பாருங்க. லித்தியம் செல் வாங்கினால் அதில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கான்னும் பாருங்க. கடை எதுவானாலும் பில் வாங்கி வைங்க. பில் இல்லாத வாரண்டி வெறும் பேச்சு.

அப்போ 1,450 ரூபாய் கொடுத்தே ஆகணுமா?

இல்லைங்க. வீட்டுக்கு ஒரு டார்ச் வேணும், அவ்வளவுதான்னா, இரண்டு கட்டை போடுற சாதாரண பிளாஸ்டிக் எல்இடி டார்ச் போதும். முந்நூறு ரூபாய்க்குள்ளேயே முடிஞ்சுடும். நான் முதல்லயே இதைச் செஞ்சிருக்கணும். ஒரே ஒரு கவனம்: கட்டையை உள்ளேயே விட்டு வைக்காதீங்க. ரொம்ப நாள் கிடந்தா அது கசிஞ்சு, ஸ்பிரிங் துருப்பிடிச்சுடும். கட்டையைத் தனியா ஒரு கவரில் போட்டு, டார்ச்சோட ரப்பர் பேண்ட் போட்டு வைங்க.

சின்ன டார்ச்சுக்குக் கூடுதலா காசு கொடுக்கிறது யாருக்கு லாபம்னா, தினமும் பையில் வெச்சுக்கப் போறவங்களுக்கு. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வண்டியில் வர்றவங்க, ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போறவங்க. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வரப்பில் நடக்கிறவருக்கு 500 மீட்டர் தள்ளி இருக்கிற தென்னை மரம் தெரிய வேண்டியதில்லை. காலுக்கு முன்னாடி பத்தடி தெரிஞ்சா போதும். அதனால ஒரே புள்ளியில் அடிக்கிற ஜூம் டார்ச்சை விட, அகலமா வெளிச்சம் விழுறதை வாங்குங்க.

என் டார்ச்சில் குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். உருண்டையா இருக்கிறதால மேஜையில் வெச்சா உருளுது. ஃபுல் மோடில் பத்து நிமிஷத்தில் கை சுடுது. பையில் தானா ஆன் ஆகி ஒரு தடவை கட்டை முழுக்கக் காலி. இப்போ மூடியைக் கால் சுற்று தளர்த்தி வெச்சுக்கறேன். ஆனா செங்குத்தா நிக்க வெச்சு, லோ மோடில் கூரையைப் பார்த்து எரியவிட்டா, ஒரு அறை முழுக்க நடமாடுற அளவுக்கு வெளிச்சம். சாப்பிடலாம், மருந்துச் சீட்டு படிக்கலாம்.

"போன்லயே டார்ச் இருக்கே சார்?" இருக்கு. ஆனா அன்னைக்கு ராத்திரி அந்த போன்தான் உங்க பேங்க், உங்க ஆம்புலன்ஸ், உங்க பிள்ளைகிட்ட பேசுற ஒரே வழி. எமர்ஜென்சி ஃபண்டை எடுத்து மாசச் செலவு பண்ணாதீங்கன்னு சொல்றேன்ல, அதேதான் இதுவும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, ஒரு நிமிஷத்துக்குள்ள டார்ச்சைத் தேடி எடுத்து எரிய வைக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா வீட்டில் டார்ச் இல்லைன்னுதான் கணக்கு. அப்பா அம்மா தனியா இருந்தா, அவங்க வீட்டிலும் இதைச் செய்யச் சொல்லுங்க.

ஆயுத பூஜைக்கு வண்டி, லேப்டாப், கால்குலேட்டர் எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குறதும் அதை ஒட்டித்தான். இந்த வருஷம் டார்ச்சையும் எடுத்துத் துடைச்சு, கட்டையை மாத்தி, ஒரு பொட்டு வைங்க. எங்க வீட்டில் அப்பாவே அதைச் செய்யறாரு. அந்த மணிக்கட்டு இன்னும் மழை நாள்ல லேசா வலிக்குதாம்.