ரீட் எத்தனை தந்தது என்று பாருங்கள்

வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் சி புரோகிராம்களை இன்றும் படித்துப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே குறை: ரீட்() மூலம் 4096 பைட் கேட்கிறீர்கள், எத்தனை வந்தது என்று பார்ப்பதில்லை. (கம்ப்யூட்டர் தெரியாத சொந்தங்களுக்கு: பத்து கிலோ அரிசி கேட்டோம், கடைக்காரர் இருந்த ஏழு கிலோவைக் கட்டிக் கொடுத்தார், எடை பார்க்காமல் வந்துவிட்டோம்.)

குறைவாக வருவது பிழையல்ல, ரீட்டின் விதியே அதுதான். டிஸ்கில் உள்ள ஃபைல் பெரும்பாலும் கேட்டபடி வந்துவிடும். அதனால்தான் உங்கள் மேசையில் சரியாக ஓடுகிறது. பைப்பிலோ நெட்வொர்க்கிலோ அந்த நேரத்தில் இருப்பது மட்டுமே வரும். மீதி இடத்தில் பழைய குப்பை கிடக்கும். படிப்பது மார்க் பட்டியல் என்றால், அந்தக் குப்பை ஏதோ ஒரு பிள்ளையின் மார்க் ஆகிவிடும்.

வந்ததைக் கூட்டிக்கொண்டு, மீதியை லூப்பில் கேளுங்கள். 0 வந்தால் ஃபைல் முடிந்தது. -1 வந்தால் எர்னோவைப் பாருங்கள். சிக்னல் குறுக்கிட்டிருந்தால் மறுபடி கேட்டால் போதும்.

மேக் இன்னும் மோசம். கட்டளை பாதி ஃபைலை எழுதிவிட்டுத் தோற்றால், ஜிஎன்யூ மேக் அதைத் தானாக அழிக்காது. அடுத்த முறை, தேதி புதிதாக இருப்பதால், எல்லாம் தயார் என்று தாண்டிப் போய்விடும். பழைய வழக்கத்தை மாற்றக்கூடாதென்று இப்படியே வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை. மேக்ஃபைலில் .டெலிட்_ஆன்_எரர் என்ற இலக்கை ஒரு வரியாகச் சேர்த்தால் அழித்துவிடும். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுவது இன்னும் நல்லது.

லூப் எழுதியவர்கள் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.